மாடிவீட்டம்மாவின் இனிப்பு வேர்

என் வலது மணிக்கட்டைப் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவதுபோல் அழுத்துகிறார். முதலில் வலது கையால். பிறகு இடது கையால். எலும்பு நோகும்வரை விடுவதில்லை. "பிடி இருக்கா?" என்று கேட்கிறார். "இருக்குக்கா" என்கிறேன். "நெஜமாவா? இல்ல, சீக்கிரம் மேல ஏறித் தொலையட்டும்னு சொல்றியா?" என்று இன்னொரு முறை அழுத்திப் பார்க்கிறார். அதன் பிறகுதான் கையுறையை மாட்டிக்கொண்டு ஏணியின் முதல் படியில் கால் வைக்கிறார். காலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும். ஞாயிறு தவிர எல்லா நாளும் என் மணிக்கட்டில் அவருடைய நான்கு விரல்களின் தடம் சிவந்து கிடக்கும். முதல் வாரம் என் மனைவி அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

அவர் கிரேன் ஓட்டுகிறார். தெருவில் உருண்டு போகிற வண்டிக் கிரேன் அல்ல. கட்டி முடியாத கட்டடத்தின் பக்கத்தில் ஒற்றைக் கம்பமாக நிமிர்ந்து, உச்சியில் நீண்ட கையை நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்தக் கோபுரக் கிரேன். அதன் கழுத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். தரையிலிருந்து ஐம்பத்திரண்டு மீட்டர். அதுதான் அவருடைய அலுவலகம். வயது ஐம்பத்தொன்று. வேலையிடத்தில் எல்லோருக்கும் அவர் மாடிவீட்டம்மா. "வாடகை கிடையாது, பக்கத்து வீட்டுச் சண்டை கிடையாது, காத்துக்குப் பஞ்சம் கிடையாது" என்று அந்தப் பெயருக்கு அவரே பொழிப்புரையும் சொல்வார்.

நான் கீழே நிற்பவன். சிக்னல்காரன். கூண்டிலிருந்து பார்த்தால் கட்டடத்தின் மறுபக்கம் தெரியாது. கொக்கியில் தொங்கும் சுமை எங்கே இறங்குகிறது, அதன் அடியில் யார் தலை இருக்கிறது என்பதை வாக்கி டாக்கியில் நான்தான் சொல்ல வேண்டும். "மெதுவா, இன்னும் மெதுவா, ஒரு சாண், நிறுத்து." நாள் முழுக்க இதுதான் என் பேச்சு. வீட்டிலும் தூக்கத்தில் இதையே சொல்கிறேனாம். ஆறு வருடமாக அவருக்கு நான் கண். எனக்கு அவர் காதோரத்தில் ஒரு குரல். அந்தக் குரலில் ஒரு நூலிழை பிசகினாலும் எனக்குத் தெரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

உயரத்துக்கு அவர் பயந்து நான் பார்த்ததில்லை. காற்றடிக்கும்போது அந்த நீண்ட கை ஆடும், கூண்டும் சேர்ந்து ஆடும். கீழே நிற்கிற நான் அண்ணாந்து பார்த்தபடி பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொள்வேன். அவர் மேலிருந்து கொட்டாவி விடுவார். ஒரு தடவை கேட்டேன். "கீழ விழ அஞ்சு செகண்டு ஆகாது தம்பி. அதுக்குப் போய் நாளெல்லாம் பயப்படவா?" என்றார். அவருடைய பயமெல்லாம் வேறொரு பள்ளத்தைப் பற்றியது. அது அவருடைய வயிறு.

மேலே கழிப்பறை கிடையாது. ஆண் ஆபரேட்டர்கள் ஒரு பாட்டிலோடு ஏறி விடுவார்கள், அவரால் முடியாது. இறங்கி, போய்வந்து, மறுபடி ஏறினால் அரை மணி நேரம் ஓடிவிடும். அந்த அரை மணியும் தளத்தில் ஒரு கம்பி நகராது. உடனே இன்ஜினியரின் குரல் வாக்கி டாக்கியில் வரும்: "கொக்கி ஏன் நிக்குது?" அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, ஒன்பது வருடமாகக் காலை ஆறு மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை அவர் சாப்பிடுவதில்லை; தண்ணீரும் தொண்டையை நனைக்கிற அளவுக்கு மேல் குடிப்பதில்லை. அவருடைய கணவர் வீட்டில் தையல் மெஷின் பழுது பார்ப்பவர், அதிகம் பேசாதவர். காலையில் மனைவி கையில் கொடுத்தனுப்புகிற டப்பா மாலையில் அப்படியே கனமாகத் திரும்பி வருவதைக் கண்டு, ஒரு கட்டத்தில் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்.

காய்ந்த பானையை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? வயிறு எரிய ஆரம்பித்தது. முதலில் மாலையில் மட்டும், பிறகு காலையிலிருந்தே. வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்திக்கொண்டே அவர் ஏப்பம் விட, கம்பி கட்டுகிறவர்கள் எல்லோரும் "பதினொண்ணாவது மாடிக்கு இடி இறங்கியாச்சு" என்று சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் நெஞ்சுக்குழியில் கை வைத்தபடிதான் ஏணி இறங்குவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ரத்த அழுத்தமும் வந்து சேர்ந்தது. வீட்டுப் பக்கத்து டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். உடம்பிலுள்ள நீரையும் உப்பையும் சிறுநீரில் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரை. அதைக் காலையில் போட்டால் மேலே என்ன பாடு படவேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். எனவே மாலை இறங்கிய பிறகு போடுவார். கம்பெனிக்குச் சொல்லவில்லை. அழுத்தம் இருப்பவர்களைக் கூண்டில் உட்கார விடமாட்டார்கள் என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பியிருந்தார். வருடாந்தரச் சோதனைக்கு முந்தின வாரம் உப்பை அறவே விட்டு, பத்தியம் இருந்து, எப்படியோ தேறிவிடுவார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அவருடைய சுமைக்கு அடியில் நாள் முழுக்க நிற்பவன் நான்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எரிச்சலுக்கு வழி சொன்னவர் அவருடைய நாத்தனார். துணிக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவர். நல்ல மனசு, அவசர வாய். அவருக்கும் இதே எரிச்சல் இருந்ததாம். அதிமதுரப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் கலந்து இரண்டு வாரம் குடித்தாராம், போயே போய்விட்டதாம். "எனக்குக் கேட்டுச்சு அண்ணி, உங்களுக்குக் கேக்காதா?" என்று ஒரு தகர டப்பா நிறையப் பொடியும், ஒரு பை நிறைய வேர்த்துண்டுகளும் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். அண்ணி மாலையில் ஒரு மாத்திரை போடுவது நாத்தனாருக்குத் தெரியாது. கம்பெனி காதுக்குப் போய்விடும் என்று உறவில் யாரிடமும் அவர் சொன்னதில்லை.

பொடி வேலை செய்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே வாரத்தில் ஏப்பம் குறைந்தது, எரிச்சல் அடங்கியது. ஆறு வருடத்தில் முதல்முறையாக அவர் மேலிருந்து முணுமுணுவென்று பாடியதை நான் கேட்டேன். நாத்தனார் இரண்டு வாரத்தில் நிறுத்தினார், இவர் நிறுத்தவில்லை. அரை ஸ்பூன் ஒரு ஸ்பூனாகி, ஒரு வேளை மூன்று வேளையாகியது. கூண்டுக்குள் வாய் சும்மா இருக்கும் நேரமெல்லாம் ஒரு வேர்த்துண்டைக் கடைவாயில் அடக்கிக்கொண்டார். பசியும் அடங்கியது, தாகமும் தெரியவில்லை. நான் ஒருநாள், மருந்தைப் போய் மிட்டாய்போல் சப்புகிறீர்களே என்று கேட்டேன்.

"இனிக்கிற மருந்துக்கு யாராவது பயப்படுவாங்களா தம்பி?" என்றார்.

பத்து வாரம் போனது. ஏணி ஏற அவருக்குப் பதினோரு நிமிடம் போதும். அது பதினான்கானது, பிறகு பதினெட்டு. ஏணிக்கு இடையிடையே ஓய்வுக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு தட்டிலும் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பூட்ஸ் கயிற்றைத் தளர்த்திக் கட்டினார். கால் வீங்கியிருந்தது. காலையில் கண்ணுக்குக் கீழே முகம் உப்பியிருந்தது. கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்றார். வயதாகிவிட்டது என்றார். வீட்டுப் பக்கத்து டாக்டர் அழுத்தம் ஏறியிருக்கிறதே என்று மாத்திரையை இரட்டிப்பாக்கினார். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லியிருக்கிறார் மாடிவீட்டம்மா. அது பொய்யில்லை. சமையலறை அலமாரியில் இருப்பதை மருந்து என்று அவர் நினைக்கவேயில்லை.

அந்த நாட்களில் எனக்குள் ஏதோ ஒன்று பல்லியைப்போல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. சுமை தலைக்கு மேலே போகும்போது முன்பெல்லாம் கண் மட்டும் நிமிரும். இப்போது உடம்பே ஓரடி பின்வாங்கியது. அவருடைய குரல் அரை நொடி தாமதமாக வந்தது. "சரி" என்பதற்கு முன்னால் ஒரு சின்னப் பள்ளம். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காலையில் நினைப்பேன். சொன்னால் அவர் வேலை போய்விடுமே என்று மதியம் நினைப்பேன். மாலையில், இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டுக்குப் போய்விடுவேன். பயந்தவனுக்கு ஒவ்வொரு நாளும் தப்பித்த நாள்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி தாண்டி இருபது நிமிடம். காற்று கொஞ்சம் இருந்தது, நிறுத்த வேண்டிய அளவுக்கு இல்லை. ஒன்றரை டன் கம்பிக்கட்டு பதினொன்றாவது மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. மேலே கம்பி கட்டுகிறவர்கள் ஆறு பேர் கையை நீட்டிக் காத்திருந்தார்கள். கீழே நானும், கொக்கி மாட்டுகிற இரண்டு பேரும். கட்டு எட்டாவது மாடி உயரத்தில் நின்றுவிட்டது. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

"தம்பி." குரல் மிகவும் தணிந்திருந்தது. "எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லு."

ஏன் என்று கேட்டேன்.

"கையில பிடி நிக்க மாட்டேங்குது. தள்ளிப் போகச் சொல்லு."

நான் விசிலை ஊதினேன். அன்றைக்கு ஊதியதுபோல் நான் என்றும் ஊதியதில்லை. என் காதே அடைத்துப்போனது. கீழே இருந்தவர்கள் ஓடினார்கள். மாடியில் இருந்தவர்கள் தூணுக்குப் பின்னால் போனார்கள். கம்பிக்கட்டு ஆகாயத்தில் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து சுழன்றுகொண்டிருந்தது. சாதாரணமாக அதை அவர் ஒரே இழுப்பில் நிதானப்படுத்துவார். அன்று அது தன்பாட்டுக்குச் சுழன்றது. பிறகுதான் தெரிந்தது: வலது கை விரல்கள் மடங்கவில்லை, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையையே ஒரு கட்டைபோல் வைத்துக் கைப்பிடியைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்.

மண் கொட்டி வைத்திருந்த காலி இடத்தைக் காட்டினேன். "மெதுவாக்கா. இன்னும் மெதுவா. ரெண்டு ஆள் உயரம். ஒரு ஆள். முட்டி. ஒரு சாண்." நான்கு நிமிடம் பிடித்தது என்று பின்னால் சொன்னார்கள். கட்டு தரையைத் தொட்டபோது ஒரு கம்பிகூடச் சத்தம் போடவில்லை. அப்படி ஓர் இறக்கத்தை நல்ல நாளிலேயே நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வாக்கி டாக்கியில் வெறும் இரைச்சல். மூன்று தடவை கூப்பிட்டேன்.

"எழுந்திருக்க முடியல" என்றார் கடைசியில். "கால் என்னோடதா இல்ல தம்பி. நெஞ்சுக்குள்ள யாரோ படி எறங்கற மாதிரி இருக்கு. ஒரு படி விட்டு ஒரு படி."

இன்ஜினியர் ஓடிவந்தார். ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். உயரத்திலிருந்து ஆளை மீட்கப் பயிற்சி பெற்ற நான்கு பேர் கயிறும் தூக்குப் படுக்கையுமாக ஏற ஆரம்பித்தார்கள். அவர்கள் மேலே போய், கட்டி, இறக்க ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஆம்புலன்சில் வந்த நர்ஸ் என் பக்கத்தில் நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டு, அவரிடம் பேச வேறு வழி இல்லையா என்று கேட்டார். வாக்கி டாக்கியைக் காட்டினேன். அப்படியானால் நான் கேட்பதை நீங்கள் கேளுங்கள் என்றார்.

மார்பு வலிக்கிறதா? இல்லை. மயக்கம்? கொஞ்சம். சாப்பிட்டது எப்போது? காலையில் ஒரு டம்ளர் கஞ்சி. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?

இந்தக் கேள்வியை நான் கேட்டபோது மேலிருந்து பதில் வரவில்லை. தளத்தில் எல்லோரிடமும் இருப்பது ஒரே அலைவரிசை. இன்ஜினியர் கையில் ஒன்று, மேஸ்திரி கையில் ஒன்று, வாசல் காவலரிடம் ஒன்று. அவர் எதைச் சொன்னாலும் அது அந்த வேலையிடம் முழுவதும் ஒலிக்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நர்ஸ் என் தோளைத் தட்டி, சீக்கிரம் என்றார்.

"அக்கா, சொல்லுக்கா" என்றேன். "வேலை போனா போகட்டும்."

"பிரஷர் மாத்திரை" என்றார். இன்ஜினியர் தன் கையிலிருந்த கருவியைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா. தண்ணி பிரியற மாத்திரை. போன மாசத்துலேர்ந்து ரெண்டு."

வேறு? என்று நர்ஸ் கேட்டார். நான் கேட்டேன்.

"வேற ஒண்ணுமில்ல." கொஞ்சம் பொறுத்து, "வயித்துக்கு அதிமதுரம் சாப்பிடறேன். அது மருந்தில்ல. வேர்."

நர்ஸின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எவ்வளவு, எத்தனை நாளாக என்று கேட்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, நர்ஸ் போனை எடுத்து மருத்துவமனையில் யாரிடமோ, ரத்தத்தில் பொட்டாசியம் உடனே பார்க்க வேண்டியிருக்கும், இதயத் துடிப்பைக் காட்டும் கருவி தயாராக இருக்கட்டும் என்று தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு என்னிடம், அவரை அசையாமல் உட்காரச் சொல்லுங்கள், பேசிக்கொண்டே இருங்கள், குரல் நின்றால் எனக்குச் சொல்லுங்கள் என்றார்.

ஒரு மணி நேரம் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. தையல் மெஷின்களைப் பற்றி. என் மகள் கணக்கில் வாங்கிய முட்டையைப் பற்றி. மேஸ்திரியின் குறட்டையைப் பற்றி. மேஸ்திரி அந்தக் குறட்டைக் கதையைக் கேட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றிருந்தார். மேலிருந்து வரும் "ம்" ஒவ்வொன்றுக்கும் இடையில் நான் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கைத் தொட்டால் நர்ஸைத் திரும்பிப் பார்ப்பேன். மாடிவீட்டம்மாவுக்கு அதுவரை உயரத்தில் வராத பயம் அன்றைக்குத்தான் வந்தது. "தம்பி, கீழ பாக்க முடியல" என்றார். ஒன்பது வருடமாக அந்த உயரத்தை வீட்டு முற்றம்போல் பார்த்தவர் சொன்னது அது.

படுக்கையில் கட்டிக் கயிற்றில் அவரை இறக்கினார்கள். காற்றில் படுக்கை மெல்லத் திரும்பியது. என்னையறியாமல் என் வாய் "மெதுவா, மெதுவா" என்றுகொண்டிருந்தது. தரைக்கு வந்ததும் அவர் என்னை அடையாளம் தெரியாதவர்போல் பார்த்தார். பிறகு என் கையைப் பிடிக்க முயன்றார். விரல்கள் மேலே வந்து தொட்டன, பிடிக்கவில்லை. செத்த மீனைத் தொட்டதுபோல் இருந்தது. அந்தத் தொடுதல் இன்றும் என்னைத் தூக்கத்தில் எழுப்புகிறது.

ரத்தத்தில் பொட்டாசியம் இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் இதயம் தாளம் தப்பி நின்றிருக்கும் என்று மருத்துவமனை டாக்டர் சொன்னார். மாடிவீட்டம்மாவின் கணவர் அதைக் கேட்டபடி, கையிலிருந்த பையின் பிரிந்த தையலை விரலால் நிமிண்டிக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் அவரும் நானும் மானிட்டரின் பச்சைக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு ஒரு முறை தள்ளாடினால், இருவரும் ஒன்றாக எழுந்து நிற்போம். மூன்றாம் நாள் மாடிவீட்டம்மா தானே எழுந்து உட்கார்ந்தார். முதல் வேலையாகக் கட்டில் கம்பியைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். பிறகு கணவரின் கையை. பிறகு என் கையை. "இருக்கா?" என்று அன்றைக்குத்தான் முதலில் கேட்டார்.

டாக்டர் திட்டவில்லை. அதிமதுரத்தில் கெடுதல் இல்லை, வயிற்றுப் புண்ணுக்கு அது நல்லதுதான் என்றார். ஆனால் அதற்குள் இருக்கும் ஒரு சத்து, அதிகமாகப் போனால், உடம்பில் உப்பைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். பொட்டாசியத்தை வெளியே தள்ளும். இவர் போட்ட மாத்திரையும் பொட்டாசியத்தைத் தள்ளுகிற வகை. "ஒரே தொட்டியில ரெண்டு ஓட்டை" என்றார் டாக்டர். அழுத்தம் ஏறியதற்குக் காரணமே வேராக இருக்க, அதற்காக மாத்திரையை இரட்டிப்பாக்கியது ஓட்டையைப் பெரிதாக்கியது. ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியவில்லை. எல்லாம் தெரிந்த இருவரில் ஒருவர் மேலே கூண்டில் உட்கார்ந்து வேரைச் சப்பிக்கொண்டிருந்தார், கீழே நின்று வாயைத் திறக்காதவன் நான்.

பொடி டப்பாவை டாக்டர் பார்க்கக் கேட்டிருந்தார். நாத்தனார்தான் கொண்டு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, குழந்தையைத் தொலைத்தவள்போல் நின்றார். "நான் கொன்னுருப்பேனே அண்ணி" என்றார். மாடிவீட்டம்மா கட்டிலில் காலை மடக்கி இடம் விட்டார். நாத்தனார் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தார். நான் கிளம்பிய பிறகு, மாத்திரையைப் பற்றி நானல்லவா உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் சொன்னதாகக் கணவர் எனக்குச் சொன்னார்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று வேலையிடத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார்கள். அளவு எது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அதைக் கேட்க அவர் ஓர் ஆயுர்வேத டாக்டரிடம் போனார். துணைக்கு நானும் போனேன். முறையாகப் படித்த, கண்டிப்பான பெண்மணி. நாடி பார்ப்பதற்கு முன் மாத்திரைச் சீட்டுகளைக் கேட்டார். எல்லாவற்றையும் படித்தார். படித்து முடித்து, என்னிடம் வந்திருந்தால் இந்த வேரை உங்கள் கண்ணில்கூடக் காட்டியிருக்க மாட்டேன் என்றார். அழுத்தம் உள்ளவர்கள், இதயமோ சிறுநீரகமோ பழுதானவர்கள், பிள்ளை உண்டானவர்கள் இதைத் தொடக் கூடாது. மற்றவர்களுக்கும் ஆளைப் பார்த்துத்தான், கொஞ்சமாகத்தான், நாள் குறித்துத்தான் கொடுப்பேன் என்றார். எரிச்சலுக்கு என்ன செய்ய என்று கேட்டதற்கு, மருந்துச் சீட்டில் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பிடவும்.

அந்தச் சீட்டை அவர் இன்ஜினியரிடம் நீட்டினார். இன்ஜினியர் முதலில் அவரிடம், ஏன் எதையும் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னா இறக்கிடுவீங்கன்னு பயம் சார்."

இறக்கத்தான் செய்தார்கள். நான்கு மாதம் அவர் கீழே, பாதுகாப்பு பெல்ட்டுகளைச் சரிபார்க்கும் அறையில் இருந்தார். ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்து இழுத்துப் பார்த்ததில் நல்ல பெல்ட்டுகளும் சில கழிக்கப்பட்டன. மாத்திரை வேறு வகைக்கு மாறியது, அழுத்தம் அடங்கியது, கம்பெனி டாக்டர் மூன்று தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் ஏறலாம் என்பது விதியிலேயே இருந்ததாம். இத்தனை வருடம் அவர் பயந்தது இல்லாத ஒரு விதிக்கு. பகலில் நாற்பது நிமிடம் கூண்டில் உட்கார இன்னொரு ஆபரேட்டரைப் போட்டார்கள். கொக்கி ஏன் நிற்கிறது என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

ஆனால் பயம் மட்டும் இறங்கி வரவில்லை. ஏணியின் ஒவ்வொரு தட்டிலும் நின்று நெஞ்சில் கை வைத்து, துடிப்பை எண்ணிவிட்டுத்தான் அடுத்ததில் ஏறுகிறார். காற்றடித்தால் அவரே முதலில் நிறுத்துகிறார். மேலிருந்து பாட்டு வருவதில்லை. அவருடைய "சரி" சிறிது தாமதித்தால் என் கை விசிலுக்குப் போகிறது. நாங்கள் இருவருமே முன்னைவிட நல்ல வேலைக்காரர்கள் ஆகியிருக்கிறோம் என்று மேஸ்திரி சொல்கிறார். இருக்கலாம்.

போன வாரம் பகல் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தார். தகரக் கொட்டகையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் டப்பாவைத் திறந்து, முதல் கவளத்தைக் கையில் எடுத்திருந்தார். இரண்டு நாளாக எனக்கு வயிறு கல்லாகக் கிடந்தது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன் நான், சாப்பாட்டை வேறு தள்ளிப்போட முடியவில்லை. மனைவி யாரோ சொன்னதாக ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்திருந்தாள். ஏதோ இலைப்பொடி. பேச்சுவாக்கில் அதைப் பிரித்து, தண்ணீர் டம்ளரை முன்னால் இழுத்தேன்.

அவர் கவளத்தை டப்பாவிலேயே போட்டார். கையை நீட்டி, என் டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடினார். நான் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்த பிறகும் அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.